பெருங்களத்தூரில் பிறந்த வேன்



தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் இரும்புலியூரைக் கடந்து பெருங்களத்தூரை அடைந்தால், கணினி அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த பெரிய வளாகம் ஒன்றை இன்று காணலாம். அந்த நிலத்தில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒரு மோட்டார்த் தொழிற்சாலை இயங்கியது என்பதை உங்களில் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். அங்கே கார்கள் செய்தார்கள். பிறகு வேன்கள் செய்தார்கள். மறுபடியும் கார் செய்ய முனைந்தார்கள். பின்னர் ஆலை மூடப்பட்டது. அவ்வாலையின் கதையையும், அதற்குப் பின் நம் புறநகரங்களில் ஓடிய வேன்களின் கதையையும், அவற்றை விலை கொடுத்து வாங்கியவர்கள் பட்ட பாட்டையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வரலாற்று ஆசிரியனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். ஒரு வண்டி நம்பத்தக்கதா இல்லையா என்பது அதைச் செய்த ஆலையில் மட்டும் முடிவாவதன்று. விற்றவர் எத்தனை நாள் உடன் நிற்கிறார் என்பதையும் பொறுத்தது என்பதே நான் சொல்லப்போகும் வரலாறு.

தாம்பரத்துக்கு மோட்டாரைவிட மின்சார இரயில் முந்தியது எனலாம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மோட்டார் வண்டி அப்போது செல்வர்களின் உடைமை. அதை விற்றவர்களும் பழுது பார்த்தவர்களும் மவுண்ட் ரோட்டில் இருந்தார்கள். குதிரை வண்டி கட்டி வந்த சிம்ப்சன் போன்ற பழைய நிறுவனங்களே மோட்டார்த் தொழிலுக்கும் மாறின. குதிரை வண்டிக்குப் பட்டறை வைத்திருந்தவன் மோட்டாருக்கும் பட்டறை வைத்தான். விற்பதும் பழுது பார்ப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. தெற்கே மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனமோ பேருந்து ஓட்டுவதில் தொடங்கிப் பின்னரே வண்டி விற்பனைக்கு வந்தது. வண்டி வழியில் நின்றுபோனால் என்ன நேரும் என்பதைத் தன் பேருந்துகளைக் கொண்டே அறிந்த விற்பனையாளர் அவர். அந்த நிறுவனம் பெற்ற நற்பெயருக்கு இது முதற்காரணம் என்பது என் கருத்து.

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் மோட்டார் வண்டி 'செய்யப்பட்டது' என்று சொல்வதைவிட 'பூட்டப்பட்டது' என்று சொல்வதே பொருந்தும். பாகங்கள் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் வரும். இங்கே அவற்றைப் பொருத்துவார்கள். 1953-ஆம் ஆண்டில் சுங்கவரி ஆணையம் ஓர் உறுதியான பரிந்துரை செய்தது. பாகங்களைப் படிப்படியாக இந்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடைய நிறுவனங்களே இனி இத்தொழிலில் இருக்கலாம் என்பது அதன் சாரம். அமெரிக்கப் பெருநிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் கடையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டன. போர்டு நிறுவனம் நம் நாட்டை விட்டுப் போனது இது முதன்முறை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தங்கிவிட்ட சில நிறுவனங்களுள் ஒன்றுதான் நம் பெருங்களத்தூர் ஆலை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்பது அதன் பெயர். சென்னையில் மோட்டார் விற்பனை செய்துவந்த யூனியன் கம்பெனி, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியுடன் சேர்ந்து 1948-ஆம் ஆண்டில் அதனை நிறுவியது. அடுத்த ஆண்டிலேயே வான்கார்டு என்னும் கார் இங்கே பூட்டப்படலாயிற்று. எட்டு, பத்து என்று எண்ணையே பெயராகக் கொண்ட சிறு கார்களும், பென்னண்ட் என்பதும் தொடர்ந்து வந்தன. 1961-ஆம் ஆண்டில் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். நம் குடும்பங்கள் பாட்டி, பேரன், பாத்திரம், படுக்கை என்று பயணம் செய்பவை ஆயிற்றே! அதனால் நான்கு கதவுடைய ஹெரால்டு ஒன்றை இந்த ஆலை பிற்காலத்தில் செய்தது. அது இந்தியாவுக்கென்றே பிறந்த வடிவம்.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லவேண்டும். தாய் நிறுவனத்தை இங்கிலாந்தில் 1961-ஆம் ஆண்டில் லேலண்டு வாங்கிக்கொண்டது. 1963-ஆம் ஆண்டுடன் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரே அந்நாட்டில் வழக்கொழிந்தது. ஆனால் கவெண்ட்ரி நகரில் மறைந்த அப்பெயர் பெருங்களத்தூரில் இருபத்தைந்து ஆண்டுகள் மேலும் வாழ்ந்தது.

இனி வேனுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1958-ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு அட்லஸ் என்னும் சிறு வேன் வெளிவந்தது. ஓட்டுநர் முன்சக்கரத்தின்மேல் அமர்வார். எஞ்சின் இருக்கைகளுக்கு நடுவே அறைக்குள்ளேயே இருக்கும். இதனால் வண்டியின் நீளம் முழுவதும் பொருள் ஏற்றவோ ஆள் ஏற்றவோ பயன்படும். ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950-ஆம் ஆண்டிலேயே தன் டிரான்ஸ்போர்ட்டர் வேனில் இடத்தை இவ்வாறு மிச்சப்படுத்தியிருந்தது. அதில் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. அட்லஸ் தொடக்கத்திலேயே ஒரு குறையுடன் பிறந்தது. அதில் பொருத்திய எஞ்சின் 948 கன செண்டிமீட்டர். சிறு காருக்கென்று செய்த எஞ்சின் அது. பாரம் ஏற்றிய வேனை இழுக்க அதற்கு வலிமை போதவில்லை. சில ஆண்டுகளில் 1670 கன செண்டிமீட்டர் எஞ்சின் வந்து அக்குறையைத் தீர்த்தது. 1968-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி முடிவுற்றபின், அவ்வேனைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் சென்னைக்குக் கப்பலேறி வந்தன. 'ஸ்டாண்டர்டு 20' என்ற பெயரில் அந்த வேன் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தது.

நான் பையனாக இருந்த நாளில் அவ்வேன்கள் ஆலையிலிருந்து வரிசையாக நகரை நோக்கிச் செல்வதைக் கண்டதுண்டு. மூக்கில்லாத முகம், இரண்டு வட்ட விளக்குகள். 1970-களின் பிற்பகுதியில் ஆலை கார் செய்வதை நிறுத்திவிட்டது. அதன்பின் 1985 வரை அந்த நிறுவனத்தைத் தாங்கி நின்றது இந்த வேன் ஒன்றுதான் எனலாம். அதற்குப் போட்டியாகப் பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மாடடார் வேன் டீசல் எஞ்சினுடன் வந்தது. நம் மக்களோ எல்லாச் சிறு பாரவண்டிகளையும் 'டெம்போ' என்றே அழைக்கலாயினர். விற்பனைப் போட்டியில் வென்றவன் பெயர் அகராதியிலும் இடம்பிடித்துவிடுகிறது.

ஒரு டன் பாரத்துக்கென்று செய்த வேன் நம் ஊரில் ஒரு டன்னோடு நின்றதில்லை. கொத்தவால் சாவடிக் காய்கறி மூட்டைகளையும், பல்லாவரத்துத் தோல் கட்டுகளையும், கல்யாண வீட்டுப் பாத்திரங்களையும் ஏற்றும்போது எடைக்கல்லை யார் பார்த்தார்கள்? எஞ்சின் அறைக்குள்ளேயே இருப்பதால் சித்திரை மாதத்தில் ஓட்டுநரின் இடக்கால் வெந்துவிடும். குளிர்நாட்டில் அதுவே குளிர்காயும் வசதியாக இருந்திருக்கக் கூடும்! ஒரு நாட்டின் தட்பவெப்பத்துக்கும் சாலைக்கும் ஏற்ப வகுத்த இயந்திரத்தை வேறொரு நாட்டின் வெயிலிலும் குழியிலும் ஓட்டும்போது, பழுதுகள் மிகுவது இயற்கை. அப்பழுதுகளை யார் கேட்டார்கள், யார் தீர்த்தார்கள் என்பதே வினா.

அக்காலத்து நிலையை இன்றைய மாணவர்கள் கற்பனை செய்வதே கடினம். கார் வேண்டுமென்றால் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாட்டில் கார் செய்தவை மூன்றே நிறுவனங்கள்: கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் பியட், நம் ஸ்டாண்டர்டு. வாங்குவோர் வரிசையில் நிற்கும்போது, விற்பவருக்குப் பழுதைத் திருத்தவேண்டும் என்ற கவலை எப்படி வரும்? புது வண்டியை எடுத்தவுடன் நேரே பட்டறைக்கு ஓட்டிச்சென்று எல்லாத் திருகாணிகளையும் முறுக்கிக்கொள்வது அந்நாளைய முன்யோசனைக்காரர்களின் வழக்கம். கார்களின் தரம் குன்றிவிட்டது என்ற முறையீடு நாடெங்கும் எழுந்தது. மத்திய அரசாங்கம் 1967-ஆம் ஆண்டில் மோட்டார் கார்களின் தரத்தை ஆராய ஒரு விசாரணைக் குழுவையே அமைத்தது. அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தியதும், உற்பத்தியாளர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றதும் அதே காலத்து நிகழ்ச்சிகள். இவ்விலையில் இதைவிட நல்ல வண்டி தர இயலாது என்றார்கள் செய்தவர்கள். இவ்வண்டிக்கு இந்த விலையே அதிகம் என்றார்கள் வாங்கியவர்கள். இரு பக்கமும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வாங்கியவருக்கு வேறு கடை இல்லை என்பதுதான் இரண்டையும்விடப் பெரிய உண்மை.

அவர்களைக் காத்தவை இரண்டு. ஒன்று, சென்னையைச் சுற்றி எழுந்த உதிரிப்பாகத் தொழிற்சாலைகள். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ஆம் ஆண்டில் தோன்றியது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960-களின் தொடக்கத்தில் வரிசையாக எழுந்தன. பிஸ்டனும், சக்கரமும், மின்சாரக் கருவிகளும், பிரேக்கும் இங்கேயே செய்யப்படலாயின. இரண்டாவது, பட்டறை மெக்கானிக்குகள். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வேப்பமரத்தடியில் ஓலைக்கொட்டகை போட்டுத் தொழில் செய்தவர்கள் அவர்கள். பலருக்கு ஆங்கிலக் கையேடு படிக்கத் தெரியாது; எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்வார்கள். கிடைக்காத பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் செய்வித்தோ, புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளிலிருந்து தேடியெடுத்தோ பொருத்துவார்கள். புதுப்பேட்டைக் கடைகளை வெறும் பழைய இரும்புக் கடைகள் என்று எண்ணிவிடாதீர்கள். முறையான உதிரிப்பாக வழங்கல் தவறிய இடத்தில் மக்களே அமைத்துக்கொண்ட களஞ்சியம் அது.

1985-ஆம் ஆண்டில் பெருங்களத்தூர் ஆலை மறுபடியும் ஒரு காரை வெளியிட்டது. வண்டலூரில் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். புதிய காரின் பெயர் ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் செய்த எஸ்.டி.1 என்ற பெரிய காரின் உருவம் அதற்கு வாய்த்தது. ஆனால் உள்ளே இருந்தது வான்கார்டு காலத்து எஞ்சினின் வழித்தோன்றல். விலையோ மிகுதி. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வயலில் இறங்கியது போல் ஆயிற்று. 1988-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது.

ஆலை நின்றபோது, முன்னரே விற்ற வேன்களும் கார்களும் சாலையில்தான் இருந்தன. வாங்கியவர்களின் கடன் தவணை நிற்கவில்லை; வண்டியை நம்பிய பிழைப்பும் நிற்கவில்லை. பாடியிலும் செம்பியத்திலும் செய்த பொதுப் பாகங்களுக்கு மாற்றுத் தேடலாம். அந்த வண்டிக்கே உரிய முன்கண்ணாடி, கதவுப் பூட்டு, பல்சக்கரம் ஆகியவற்றுக்கு எங்கே போவது? ஒரு வண்டியை உயிரோடு வைக்க மற்றொன்றை உடைக்க வேண்டியதாயிற்று.

இக்கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. 2006-ஆம் ஆண்டில் நிறுவனம் கலைக்கப்பட்டு ஆலையும் நிலமும் விற்பனையாயின. ஆலைக்குள் ஸ்டாண்டர்டு 2000 காருக்குரிய புத்தம்புதிய பாகங்கள் எஞ்சிக் கிடந்தன. அவற்றை மொத்தமாக வாங்கிச் சென்றது இங்கிலாந்தின் உதிரிப்பாக வணிக நிறுவனமான ரிம்மர் பிரதர்ஸ். பழைய ரோவர் கார்களைப் பேணும் ஆர்வலர்களுக்காக அவை கடல் கடந்து திரும்பின. இங்கே அதே காரை வாங்கியவர்கள் பட்டறை பட்டறையாக அலைந்த ஆண்டுகளில் அப்பாகங்கள் பெருங்களத்தூரிலேயே பூட்டிய அறைகளில் இருந்தன என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பைவிட வருத்தமே மிகுகிறது.

இதற்கிடையில் வடக்கே குர்காவிலிருந்து வேறொரு வேன் வந்தது. 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி வேனுக்கு 1988-ஆம் ஆண்டில் ஆம்னி என்று பெயர் மாறியது. ஆயினும் நம் தெருக்களில் இன்றுவரை அது 'மாருதி வேன்'தான். 796 கன செண்டிமீட்டர் அளவுள்ள சிறு எஞ்சின், மூன்றே சிலிண்டர்கள், முன்னிருக்கைக்கு அடியில் அமைப்பு, பக்கவாட்டில் நகரும் கதவு. ஜப்பானின் சுசுகி நிறுவனம் வகுத்த வண்டி அது. தகரம் மெல்லியது, பாரம் தாங்காது என்று பழைய மெக்கானிக்குகள் நகைத்தார்கள். ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் எழுந்தது. அம்பாசடரையும் மாடடாரையும் தள்ளிப் பழகிய தலைமுறைக்கு அது பெரிய செய்தி.

மாருதி வேனின் வெற்றிக்கு எஞ்சின் ஒன்று மட்டும் காரணமன்று. மாருதி 800 காருக்கும் வேனுக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின். ஆகவே பல பாகங்கள் பொது. ஒரு காருக்காக இருப்பு வைக்கும் கடை வேனுக்கும் வைத்ததாகிறது. இத்தனை கிலோமீட்டர் ஓடினால் இன்ன சேவை என்று அச்சிட்ட புத்தகமும், இலவசச் சேவைக்கான சீட்டும் வண்டியோடு வந்தன. அங்கீகாரம் பெற்ற பணிமனைகள் ஊருக்கு ஊர் பெருகின. வண்டியை விற்பதோடு உறவு முடிவதில்லை என்ற எண்ணம் பரவலாக இந்நாட்டில் வேரூன்றியது அப்போதுதான்.

விதி அச்சிலிருந்தால் மட்டும் போதாது என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பிள்ளைகளுக்கென ஒரு வேன் இருந்தது. எந்த நிறுவனத்தின் வண்டி, எந்த முகவரின் பணிமனை என்பது இங்கே வேண்டாத செய்தி. பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பணிமனையில் பிரேக் லைனிங்கை மாற்றினார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் இழுத்தது; மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாம் முறை, கழற்றிய பழைய பாகத்தை எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன். “அப்படி ஒரு வழக்கம் இங்கே இல்லை ஐயா” என்று மரியாதையாகச் சொன்னார் மேலாளர். என் பழைய மாணவர் ஒருவர் சேலையூரில் பட்டறை வைத்திருந்தார். சக்கரத்தைக் கழற்றி என்னை அழைத்துக் காட்டினார். “சார், லைனிங்கை மாத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? உள்ளே வீல் சிலிண்டர் கசியுது பாருங்க. அந்த எண்ணெய் பட்டுத்தான் லைனிங் பிடிக்கலை” என்றார். சிலிண்டரின் இரப்பர் வளையத்தை மாற்றினார், கோளாறு தீர்ந்தது. பணிமனையாருக்குத் திறமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. பட்டியலில் உள்ள பாகத்தை மாற்றினால் கணக்கு முடியும். காரணத்தைத் தேடினால் நேரம் செல்லும். அங்கே கணக்கு முடிந்தது. அந்த வேனில் நாள்தோறும் ஏறியவர்கள் ஆறு வயதும் ஏழு வயதுமான குழந்தைகள்.

வேன்காரர்களின் முறையீடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1983-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குடும்ப வேன்களை வெளியிட்டு, நொடித்துப்போகும் நிலையிலிருந்து முழுவதும் மீண்டது. அங்கே 'மினிவேன்' என்ற சொல்லே அவற்றால் பரவியது. ஆனால் சில ஆண்டுகளில் அவ்வேன்களில் பொருத்திய புதிய தானியங்கி கியர்ப்பெட்டி அடிக்கடி பழுதாகிப் பெரும் அவப்பெயர் பெற்றது. அந்நாட்டில் கனெக்டிகட் மாநிலம் 1982-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்திருந்தது. ஒரே பழுதைப் பலமுறை முயன்றும் திருத்த இயலாவிட்டால் வண்டியை மாற்றித்தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும் என்பது அது. 'எலுமிச்சைச் சட்டம்' என்று அதைக் குறிப்பார்கள். உதவாத வண்டிக்கு அங்கே எலுமிச்சை என்று பெயர். நாமோ புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சையை வைத்து நசுக்கிவிட்டுத்தான் புறப்படுகிறோம்!

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பொருளின் குறைக்கு மட்டுமின்றிச் சேவையின் குறைக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று அது வழிவகுத்தது. 1967-ஆம் ஆண்டில் அரசாங்கக் குழுவின் வழியாகப் பேசவேண்டியிருந்த வண்டிக்காரர், செங்கற்பட்டில் இருந்த நுகர்வோர் மன்றத்தில் தாமே எழுந்து நின்று பேசக்கூடிய நிலை வந்தது. 2019-ஆம் ஆண்டில் புதிய நுகர்வோர் சட்டமும், மோட்டார் வாகனச் சட்டத்துக்குத் திருத்தமும் வந்தன. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சீர்செய்யுமாறு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் விதிகள் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன.

இவற்றுக்கு நடுவில், தாம்பரத்துக்காரர்கள் எவரும் மறக்க இயலாத ஒரு நாள் உண்டு. 2012-ஆம் ஆண்டு ஜூலை 25. சேலையூரில் உள்ள ஒரு பள்ளியின் பேருந்து மாலையில் முடிச்சூர்ப் பக்கம் சென்றுகொண்டிருந்தது. அதன் தரையில் ஓர் ஓட்டை இருந்தது. இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவ்வோட்டை வழியே கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அரசாங்கத்தின் தகுதிச் சான்று பெற்ற வண்டி அது. ஓட்டையைப் பிள்ளைகள் நாள்தோறும் கண்டிருக்கின்றனர். சான்றளிப்பவரும் உரிமையாளரும் ஓட்டுநரும் பழுது பார்ப்பவரும் என்று எத்தனை பேர் கண் அந்தத் தரையின்மேல் பட்டிருக்கவேண்டும்! சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகளைத் தமிழ்நாட்டு அரசாங்கம் வகுத்தது. அதுமுதல், பள்ளி திறக்குமுன் கோடை விடுமுறையில் பள்ளி வண்டிகளை ஒரு மைதானத்தில் நிறுத்தி, போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறைகளின் அலுவலர்கள் கூடி ஆய்வு செய்கிறார்கள். அவ்வாய்வுக்குச் சென்று நின்றிருக்கிறேன். அலுவலர் வண்டிக்குள் ஏறியவுடன் முதலில் காலால் தரையைத் தட்டிப்பார்ப்பார். ஏன் தட்டுகிறார் என்று அங்கிருந்த எவரும் கேட்டதில்லை.

மாருதி ஆம்னி 2019-ஆம் ஆண்டில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. மோதலைத் தாங்கும் வலிமை பற்றிய புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அந்தப் பழைய உடல் ஈடுகொடுக்கவில்லை. பயணிகளின் முழங்காலுக்கு முன்னே தகரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத வண்டி அது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காலையில் தவறாமல் எழும் எஞ்சின் வேறு, மோதலில் உயிர் காக்கும் உடல் வேறு. அவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிப் பல ஆண்டுகள் அவ்வேன்களில் பிள்ளைகளை நெருக்கி ஏற்றியது நம் புறநகரங்களின் வழக்கமாக இருந்தது.

ஆம்னியின் இடத்தைப் பிடிக்க நம் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. தாம்பரத்திலிருந்து வெகுதொலைவில் இல்லாத ஒரகடத்தில், நிசான் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் எவாலியா என்னும் வேனையும், அதன் உடன்பிறப்பான ஸ்டைல் என்னும் வேனை அசோக் லேலண்டு 2013-ஆம் ஆண்டிலும் வெளியிட்டன. நகரும் கதவு, தாராளமான இடம், டீசல் எஞ்சின் யாவும் இருந்தன. நிசான் வண்டிகளின் விற்பனையும் முகவர் மேற்பார்வையும் அப்போது ஹோவர் ஆட்டோமோட்டிவ் என்ற இடைநிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. 2014-ஆம் ஆண்டில் அவ்வேற்பாடு பூசலில் முடிந்தது. 2015-ஆம் ஆண்டில் ஸ்டைலின் உற்பத்தி நின்றது. மறு ஆண்டில் இரு நிறுவனங்களின் கூட்டும் கலைந்தது. வேன் எத்துணை நல்லதாயினும், அதைப் பேணும் சங்கிலியில் ஒரு கண்ணி மாறும்போது, வாங்கியவர் யாரைக் கேட்பது என்று திகைத்து நிற்கிறார். பெருங்களத்தூர்க் கதையின் சிறிய மறுபதிப்பு இது.

பெரிய மறுபதிப்பு மறைமலைநகரில் நடந்தது. 1950-களில் வெளியேறிய போர்டு நிறுவனம் 1990-களில் திரும்பிவந்து அங்கே ஆலை அமைத்தது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ஆம் ஆண்டு ஜூலையில் கடைசி வண்டி வெளிவந்தது. 2024-ஆம் ஆண்டில், ஏற்றுமதிக்காக அவ்வாலையைப் பயன்படுத்தும் விருப்பத்தை அந்நிறுவனம் தெரிவித்தது. ஆனால் 1988-ஆம் ஆண்டுக்கும் 2021-ஆம் ஆண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை மூடும் அறிவிப்போடு சேர்ந்தே, உதிரிப்பாகங்களும் சேவையும் தொடரும் என்ற உறுதிமொழியும் வெளிவந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளில் வாங்குவோரின் குரல் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

சேலையூர்ப் பட்டறை மாணவரை அண்மையில் கண்டேன். கணினி பொருத்திய இன்றைய எஞ்சின்களுக்குச் செவியறிவு போதாது. ஒரு சிறு கருவியை வண்டியில் செருகித்தான் நோயை அறியவேண்டும். அக்கருவி ஒன்றை அவரும் வாங்கியிருக்கிறார். அவருடைய மேசையின் இழுப்பறையில் பழைய வேன்களின் சேவைப் புத்தகங்கள் பல இருக்கின்றன. எந்த நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற குறிப்புகள், கரியெண்ணெய் படிந்த விரலடையாளங்களோடு அவற்றில் உள்ளன. கல்லூரி மாணவர் எவரேனும் நம் புறநகரத்துப் போக்குவரத்து வரலாற்றை எழுத முற்பட்டால், அப்புத்தகங்களைப் பழைய காகிதக்காரர் கொண்டுபோகுமுன் சென்று பார்க்கவேண்டுகிறேன். பட்டறை காலை எட்டு மணிக்குத் திறக்கும்.